வலப்பக்கம் நிற்பவர் வாட்ச்மேன்

பேட்டரி இல்லாமல் வேலை செய்யும் என்பதற்காகத்தான் அந்தக் கேமராவை நான் வாங்கினேன் என்று அம்மா இப்போது எல்லோரிடமும் சொல்கிறார். அது உண்மையில்லை. அது பச்சை நிறத்தில் இருந்தது. கையில் எடுத்தால் காலி சோப்பு டப்பா அளவுதான் கனம். அதனால் வாங்கினேன்.

மதுரையில் ஒரு நாளிதழில் பல வருடங்கள் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது விருதுநகரில் வீட்டிலிருந்தே பக்கங்கள் திருத்துகிறேன். ஒரு நாளில் எத்தனையோ படங்கள் திரையில் கடந்துபோகும். எது நன்றாக இருந்தது என்று சாயங்காலம் கேட்டால் சொல்லத் தெரியாது. பிலிம் கேமராக்கள் மறுபடியும் புதிதாகத் தயாராகி விற்பனைக்கு வருகின்றன என்று ஒரு செய்தியைத் திருத்தியபோதுதான் ஆசை வந்தது. அதில் சொல்லியிருந்தது ஹாஃப் ஃபிரேம் வகை. வழக்கமான சுருளில் ஒரு படத்துக்குரிய இடத்தை இரண்டாகப் பிரித்து, முப்பத்தாறு எடுக்க வேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு எடுக்கும். நேராகப் பிடித்தால் படம் நெட்டையாக விழும், கைபேசிப் படம் மாதிரி. பிலிம் விற்கிற விலையில் இது சிக்கனம் என்று செய்தி முடிந்திருந்தது.

சிக்கனம்தான். ஆனால் எழுபத்திரண்டு என்பது முடியாத எண். முதல் வாரத்தில் தெப்பக்குளம், மொட்டை மாடி, எண்ணெய் பரோட்டா, கடை வாசலில் கிடந்த மிளகாய் வத்தல் மூட்டை, மூட்டைமேல் தூங்கியவர் எல்லாம் எடுத்தேன். எண்ணிப் பார்த்தால் கால்வாசிகூடத் தாண்டவில்லை. சுருள் முடியாமல் கழுவக் கொடுக்க முடியாது. கழுவாமல் எதுவும் பார்க்க முடியாது. என்ன எடுத்தோம் என்பதே மறந்துபோகும் வேகத்தில் அது நகர்ந்தது. லென்ஸ் பிளாஸ்டிக். தூரம், வெளிச்சம் எதையும் நாம் மாற்ற முடியாது. நல்ல வெயில் இருந்தால் படம் வரும். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் மாவட்டம் யாரையும் ஏமாற்றியதில்லை.

கேமரா மேசையில் கிடந்தபோது தம்பியின் கல்யாணப் பேச்சு மூன்றாவது முறையாக ஆரம்பித்தது.

தம்பிக்கு முப்பத்தைந்து வயது. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எந்த ஷெட்டில் எத்தனை பேர் உட்கார வேண்டும், எவ்வளவு மருந்து இருக்க வேண்டும் என்று பார்ப்பது அவன் வேலை. வெடிமருந்தை அங்கே வெறுமனே மருந்து என்றுதான் சொல்வார்கள். காலையில் கேட்டில் நுழையும்போது எல்லோரும் கைபேசியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். புறாக்கூடு மாதிரி தடுத்த ஒரு மரப்பெட்டியில் அவை சாயங்காலம்வரை கிடக்கும். போர்மேனுக்கும் அதே சட்டம்தான். அந்தச் சட்டத்தைப் போட்டதே அவன்தான்.

முந்தைய இரண்டு இடங்களும் கைபேசியால் போயின. முதல் பெண் பகலில் கூப்பிடும்போதெல்லாம் இவன் எடுக்கவில்லை. அக்கறையில்லாதவர் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது இடத்துக்கு நாங்கள் அனுப்பிய படத்தில் கைபேசி அதன் இஷ்டத்துக்கு இவன் முகத்தை வழவழப்பாக்கி, நிறத்தைக் கூட்டி, நெற்றியைக் குறைத்திருந்தது. பெண் வீட்டார் வந்தார்கள். கதவைத் திறந்தவனிடமே, "மாப்பிள்ளை வீட்ல இருக்காரா?" என்று கேட்டார்கள். இவன், "நாந்தான்" என்றான். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அத்தோடு சரி.

மூன்றாவது பெண்ணுக்குக் காரியாபட்டி. அங்கே ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். தரகர் கொடுத்த படத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு, சிரிக்காமல், அலமாரி முன்னால் நின்றிருந்தார். தம்பி படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"பொண்ணு எப்படிலே இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"பின்னாடி பாரு. அட்டைப்பெட்டி அம்புட்டும் பேரு முன்பக்கமா அடுக்கியிருக்கு."

"நான் பொண்ணக் கேட்டேன்."

"அந்தப் பொண்ணுதான அடுக்கியிருக்கும்" என்றான்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "தரகர் பேசினாரா?" என்று விசாரித்தான். முந்தைய இரண்டு இடங்களில் அவன் இப்படி எதுவும் கேட்டதில்லை. அவன் போன பிறகு அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். இந்த இடம் தட்டிப்போகக்கூடாது என்று அப்போது இருவருக்குமே தெரிந்தது.

தரகர் பேசினார். பெண் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ளை வேலை பாக்குற எடத்துல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணுமாம். பில்டர் கில்டர் எதுவும் போடாம."

"கம்பெனிக்குள்ள போனக் கொண்டுபோக விடமாட்டாகன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றார் அம்மா.

"சொன்னேன்மா. அது எனக்கும் தெரியும், எப்படியாச்சும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கங்குது. அந்தப் பொண்ணுக்கு இன்னொரு எடமும் வந்திருக்கு. ஆடி பொறக்கதுக்குள்ள முடிவு சொல்லணுமாம்."

அது ஆனி மாதம். அம்மாவின் கண் மேசைமேல் இருந்த பச்சை டப்பாவுக்குப் போனது.

முதலாளி சுலபமாகச் சம்மதித்தார். "நல்ல காரியம். ஞாயித்துக்கிழமை ஷெட்டு பூட்டிக் கெடக்கும். எடுத்துக்க" என்றாராம். சம்மதிக்காதவன் தம்பிதான். ஞாயிறு காலை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேட்டரி?"

"இல்ல. பிளாஷுக்கு மட்டும்தான் வேணும். கழத்தி வீட்டுலயே வச்சிட்டேன். பாரு."

பேட்டரி அறையைத் திறந்து காட்டினேன். விரலை விட்டுப் பார்த்தான்.

"அப்பறம் எப்படிப் படம் எடுக்கும்?"

"இந்தப் பித்தான அமுக்கினா உள்ள ஒரு ஸ்பிரிங் விடும். இந்தச் சக்கரத்தக் கட்ட விரலால திருப்பினா பிலிம் நகரும். அம்புட்டுதான்."

திருப்பிக் காட்டினேன். கரகரவென்று சத்தம் வந்தது. அவன் முகம் மாறியது.

"பிலிம் பிளாஸ்டிக்கா?"

"ஆமா."

"பிளாஸ்டிக்கு மேல பிளாஸ்டிக்கு ஒரசுது. ஸ்டேடிக் கரண்டு வரும்."

"ஏலே, இத்துனூண்டு டப்பாலே."

"நைலான் சேலை கட்டிட்டு வந்த நம்ம அம்மாவையே திருப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். நீ அக்காங்கிறதுக்காக உள்ள விட முடியாது."

அவன் சொன்னதில் தப்பில்லை. காய்ந்த காற்றில் பிலிமை வேகமாகச் சுற்றினால் பொறி பறந்து படத்திலேயே கோடு விழும் என்று எங்கள் பத்திரிகையின் பழைய போட்டோகிராபர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

வாட்ச்மேன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். முப்பது வயது இருக்கும். கருகருவென்று மீசை, சிரித்தால் கன்னத்தில் குழி. "போர்மேன், அந்தப் புள்ள வேற எடம் பாத்துறப்போவுது. ஏதாச்சும் ஒரு வழியச் சொல்லுங்க" என்றார்.

தம்பி யோசித்து ஒரு வழி சொன்னான். சக்கரத்தை கேட்டுக்கு வெளியே வந்துதான் திருப்ப வேண்டும். திருப்பிய கேமராவோடு உள்ளே வரலாம். ஒரு படம் எடுக்கலாம். அடுத்த படத்துக்கு மறுபடி வெளியே போய்த் திருப்பிவிட்டு வரவேண்டும்.

"ஒரு ஆளப் படம் எடுக்க நான் எத்தன தடவ நடக்கணும்?"

"எத்தன படம் வேணுமோ அத்தன தடவ."

கேட்டிலிருந்து முதல் ஷெட்டு கொஞ்ச தூரம். ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் இடையே நிறைய இடம் விட்டிருப்பார்கள். ஒன்றில் விபரீதம் நடந்தால் மற்றதற்குப் பரவக்கூடாது. அதனால் அந்த வளாகமே வெட்டவெளி. பத்து மணி வெயில். போய்ச் சேர்ந்தபோது தம்பி ஷெட்டு வாசலில் விறைப்பாக நின்றிருந்தான். பூட்டிய கதவு. பக்கத்துச் சுவரில் ஆட்கள் நாலு என்று எழுதிய பலகை, அதற்குக் கீழே ஒரு செம்புத் தகடு. அவன் வலது உள்ளங்கை தகட்டுமேல் இருந்தது.

"கைய எடு. சத்தியப் பிரமாணம் எடுக்கிற மாதிரி இருக்கு."

எடுத்தான். நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் கை தானாகத் தகட்டுக்குப் போய்விட்டது. மறுபடி சொன்னேன். மறுபடி போனது. வருடக்கணக்கான பழக்கம். அந்த வாசலில் நின்றால் அவன் கை அங்கேதான் இருக்கும். படத்தை அப்படியே எடுத்துத் தொலைத்தேன்.

வெளியே வந்து சக்கரத்தைத் திருப்பினேன். வாட்ச்மேன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அக்கா, என்னையும் ஒண்ணு எடுங்க" என்றார். இவ்வளவு தூரம் பரிந்து பேசியவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது. எடுத்தேன். நன்றாகச் சிரித்தார். திருப்பினேன், உள்ளே போனேன், தம்பியை எடுத்தேன், வெளியே வந்தேன். "இப்ப தொப்பியில்லாம ஒண்ணு" என்றார். மூன்று நடைக்குமேல் எனக்குத் தெம்பில்லை. தம்பிக்கு மூன்று படம் தேறியது, வாட்ச்மேனுக்கும் மூன்று.

சுருளில் இன்னும் பாதிக்குமேல் மிச்சம். அப்படியே சுற்றி எடுத்துக் கழுவக் கொடுத்துவிடலாம் என்றேன். எந்தப் பொருளையும் பாதியில் தூக்கிப்போட அம்மா விடமாட்டார். தெருவுக்குத் தகவல் சொன்னார். சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் ஒருவர் விடாமல் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆடுகளும் எடுத்துக்கொண்டன. எல்லோரும் உடனே காட்டச் சொன்னார்கள். இதில் தெரியாது, கழுவினால்தான் தெரியும் என்றதும், "அப்பறம் எதுக்கு இதப்போய் வாங்கினீக?" என்று கேட்டார்கள். நான் அடுத்த ஆளை வெயில் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன்.

விருதுநகரில் நான் கேட்ட ஸ்டுடியோவில் பிலிம் கழுவுவதில்லை. வாங்கி மதுரைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்கத் தம்பி சாயங்காலம் வந்ததும் என் முகத்தைப் பார்ப்பான். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். கை கழுவப் போய்விடுவான்.

படங்கள் என் கைபேசிக்கு ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தன. ஹாஃப் ஃபிரேமில் ஒரு சங்கதி இருக்கிறது. செய்தியைத் திருத்தியபோது அந்த வரியை நான் இடம் போதாமல் வெட்டியிருக்கிறேன். லேபில் ஸ்கேன் செய்கிறவர்கள் பழைய முழு அளவுக்கே பிடிப்பார்கள். அதனால் அடுத்தடுத்து எடுத்த இரண்டு நெட்டைப் படங்கள், நடுவே ஒரு கறுப்புக் கோட்டோடு, ஒரே படமாக வரும். தெப்பக்குளத்தோடு பரோட்டா. ஆட்டோடு பக்கத்து வீட்டுக்காரர். தம்பியோடு வாட்ச்மேன். மூன்று ஜோடியிலும் தம்பி இடது பக்கம், வாட்ச்மேன் வலது பக்கம்.

படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. ஆனால் நெற்றி அதன் அளவில் இருந்தது, நிறம் அதன் நிறத்தில் இருந்தது. யார் பார்த்தாலும் கதவைத் திறந்ததும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

"எனக்கு அனுப்பு, பாக்கேன்" என்றார் அம்மா. டீ குடித்துவிட்டு வெட்டிப் பிரித்து அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டே ஒரு ஜோடியை அவர் பார்ப்பதற்காக அனுப்பினேன். டீ ஆறுவதற்குள் அது அம்மாவிடமிருந்து தரகருக்கும், தரகரிடமிருந்து காரியாபட்டிக்கும் போய்விட்டது.

ஒரே அளவில் இரண்டு முகங்கள் பக்கம் பக்கமாக வந்தால், யார் யார் என்று எழுதாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது. பத்திரிகையில் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது இது. நானே பலருக்குச் சொல்லித்தந்திருக்கிறேன்.

தரகர் சாயங்காலம் கூப்பிட்டார். "பொண்ணோட அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். சிரிச்ச மொகமா இருக்காராம். மீசை நல்லா இருக்காம்."

தம்பிக்கு மீசை கிடையாது.

அம்மா என் கையில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பழகிய முறையில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன்: இடப்பக்கம் சுவரில் கை வைத்து நிற்பவரே மணமகன், வலப்பக்கம் நிற்பவர் வாட்ச்மேன்.

பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தம்பிக்கு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. படத்தை வாங்கிப் பார்த்தான்.

"அவரு நல்லாத்தான் இருக்காரு" என்றான். கொஞ்சம் கழித்து, "பூட்டு சரியாத் தெரியுது" என்றான். போனைத் திருப்பிக் கொடுத்தான். அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு வாங்காமல் எழுந்துவிட்டான்.

அதற்கு மறுநாள் பகலில், கேட்டிலிருந்த மரப்பெட்டிக்குள் தம்பியின் கைபேசி அடித்தது. நின்று மறுபடி அடித்தது. பெட்டியில் இருக்கிற போனை வாட்ச்மேன் தொடக்கூடாது என்பதும் சட்டம். ஆனால் அது விடுவதாக இல்லை. வீட்டில் யாருக்காவது என்னவோ ஏதோ என்று பயந்துபோய் எடுத்ததாக வாட்ச்மேன் சொல்கிறார். கூப்பிட்டது, தரகரிடம் நம்பர் வாங்கியிருந்த காரியாபட்டிப் பெண். அந்தப் பேச்சைப் பிற்பாடு நான் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகின்றன. வாட்ச்மேன் சொல்வது கொஞ்சம் நீளம்.

"யாரு பேசுறது?" என்று கேட்டிருக்கிறார் பெண்.

"வாட்ச்மேன்மா. போர்மேன் உள்ள இருக்காரு."

"போட்டோல வலது பக்கம் இருக்கது நீங்களா?"

"ஆமாம்மா."

"எங்க அம்மாவுக்கு ஒங்களத்தாண்ணே பிடிச்சிருக்கு."

"அய்யய்யோ, எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கும்மா."

"சரி, அது கெடக்கட்டும். அவரு ஏன் செவத்துல கை வச்சிக்கிட்டு நிக்கிறாரு? மேலுக்குச் சொகமில்லையா?"

"செவரு இல்லம்மா, அது செம்புத் தகடு. ஷெட்டுக்குள்ள போறவுக எல்லாரும் அதத் தொட்டுட்டுத்தான் போகணும். ஒடம்புல இருக்க கரண்டு மண்ணுல எறங்கிரும்."

"அன்னைக்கு வேலை நடந்துச்சா?"

"ஞாயித்துக்கெழமைம்மா. பூட்டிக் கெடந்துச்சு."

"பூட்டின ஷெட்டுக்கு எதுக்குத் தொடுறாரு?"

"அந்தாளு அப்படித்தாம்மா" என்று வாட்ச்மேன் ஆரம்பித்திருக்கிறார். இந்த விஷயத்தில் அவருக்கு நிறைய மனக்குறை இருந்திருக்கிறது. "என்னையவே சட்டைப் பையத் தடவிப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாரு. நான் இந்த கேட்டுலயே நிக்கிறவன். படம் எடுக்க வந்த கூடப்பொறந்த அக்காவ, கேமராச் சக்கரத்த வெளிய போய்த் திருப்பிட்டு வா, வெளிய போய்த் திருப்பிட்டு வான்னு வெயில்ல அலைய விட்டாரு. எனக்கென்ன, எனக்கு அதுல மூணு போட்டோ கெடச்சிச்சு. ஆனா அக்கா பாவம்."

"ஒவ்வொரு தடவையும் வெளிய அனுப்பினாரா?" என்று மட்டும் பெண் கேட்டாராம். "ஒவ்வொரு தடவையும்மா" என்றாராம் இவர். பிறகு, "சரிண்ணே, வச்சிர்றேன்" என்று குரல் வந்தது.

போன் எடுத்ததற்காக வாட்ச்மேனுக்குத் தம்பியிடம் நல்ல வசவு. "வீட்டுல பாம்பு புகுந்துச்சுன்னாலும் சாயங்காலந்தான் தெரியணும். யாரு போனையும் நீங்க எடுக்கக்கூடாது" என்றிருக்கிறான். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து, "அந்த நம்பர் வந்தா மட்டும் எடுங்க" என்றானாம். அவன் போட்ட சட்டத்தில் அவனே விட்ட முதல் விலக்கு அது.

அன்று இரவு தரகர் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள் என்றார்.

காரியாபட்டியில் வாசலுக்கு வந்து எங்களை வரவேற்றவர் பெண்ணின் அண்ணன். இடது கையால் நாற்காலி எடுத்துப் போட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை, மிச்சம் தழும்பு. கேசரியை எனக்கு நீட்டியபோது பெண் தாழ்ந்த குரலில் ஒன்றுதான் சொன்னார். "விஸ்வநத்தம் பக்கம் அண்ணன் வேலை பாத்த எடத்துலயும் தகடு இருந்துச்சாம் மதினி. சீசன்ல அவசரத்துக்கு ஒருத்தரும் தொட மாட்டாகளாம்." அவர் என்னை மதினி என்று கூப்பிட்டதை அம்மா கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா கேசரியை நிம்மதியாகச் சாப்பிட்டார்.

கேமராவில் புதுச் சுருள் போட்டு எடுத்துப்போயிருந்தேன். பெண் அதை வாங்கி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். சக்கரத்தைத் திருப்பப் போனவர் நிறுத்தி, தம்பியைப் பார்த்தார்.

"இங்கன திருப்பலாமா, வெளிய போகணுமா?"

"வீட்டுல திருப்பலாம்" என்றான் தம்பி. நிஜமாகவே பதில் சொன்னான். கேலி என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவனுக்கு எட்டியது. காது சிவந்தது.

பெண் அவனை ஒரு படம் எடுத்தார். நான் கேமராவை வாங்கித் திருப்பி, உடனே பெண்ணை ஒன்று எடுத்தேன். அடுத்தடுத்த இரண்டு. இந்த முறை கறுப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் சரியான ஆட்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். இந்தக் கேமராவில் அந்தக் கணக்கு நம் கையில் இல்லை. லேபில் முதல் படத்தை எங்கே பிடிக்கிறார்களோ அதைப் பொறுத்தது. ஒன்று தள்ளிப் பிடித்துவிட்டார்கள். தம்பி அதற்கு முன்னால் எடுத்த கேசரித் தட்டோடு வந்தான். பெண், அடுத்து எடுத்த, வாசலில் நின்ற அண்ணனின் ஸ்கூட்டரோடு வந்தார். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தருவார்கள் என்றேன். வேண்டாம், எடுத்தபடியே இருக்கட்டும் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. தீபாவளி லோடு போய்க்கொண்டிருந்த நேரம், தம்பிக்கு மூன்று நாள்தான் லீவு. வாட்ச்மேன் மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார். தரகர் அனுப்பிய அந்தப் படம் காரியாபட்டியில் ஒருவர் விடாமல் சுற்றியிருக்கிறது. மண்டபத்தில் அவர் நுழைந்ததும் பெண் வீட்டுக்காரர்கள் பாதிப்பேர் எழுந்து, "வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்துப்போனார்கள். எங்கே பார்த்த முகம் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவரே சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று உபசரித்தார்.